இருபத்திரண்டாம் பக்கம்

சென்ற மாதம் கொக்குவிலில் ஒரு பாடசாலைக்குப் பேசப் போயிருந்தேன். எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று அழைத்திருந்தார்கள். நான் நாலாவது வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்திவிட்டாள்.

"மிஸ், உங்கடை முதல் எழுத்து எதிலை வந்தது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நல்ல பொய் இருக்கிறது. பத்திரிகையின் சிறுவர் பகுதியில் வந்த ஒரு கதை என்பேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், நானும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ அந்தப் பொய் வாயில் வரவில்லை. "என்ரை பெரியப்பாவின்ரை கல்வெட்டிலை. இருபத்திரண்டாம் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

பகிடி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அவர் பெயரில் ஒரு புத்தகம் வரும். கல்லிலே எதையும் வெட்டுவதில்லை. மெல்லிய அட்டை போட்ட சின்னப் புத்தகம், பெயர் மட்டும் கல்வெட்டு. உள்ளே செத்தவரின் படம், பிறந்த இறந்த நாட்கள், கொஞ்சம் பக்திப் பாட்டு, வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். அன்றைக்கு வந்து சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் ஒரு கல்வெட்டும் கிடைக்கும். பாத்திரத்தைப் பார்த்து, தட்டி, பக்கத்து வீட்டுச் செத்தவீட்டுப் பாத்திரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். கல்வெட்டைச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் அவற்றைத் தவிர வேறு புத்தகம் இருக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பு நடந்த இடப்பெயர்வில் அப்பாவின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. திரும்பி வந்து கூரை போட்டு, கிணறு இறைத்து, கதவு வைத்து முடிந்தபோது புத்தகம் வாங்குவது கடைசி வேலையாக நின்றது, அப்படியே நின்றுவிட்டது. கல்வெட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. சனம் செத்துக்கொண்டிருந்தது, அவை தாமாக வந்துகொண்டிருந்தன. அலுமாரியின் மேல்தட்டில் அறுபது எழுபது கிடந்தன. எழுத்துக் கூட்டப் பழகியதும் நான் ஒன்றும் விடாமல் வாசித்தேன். யார் யாருடைய பெறாமகன், யார் யாரைக் கலியாணம் செய்து எந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடம்.

அந்த வாசிப்பிலிருந்து பத்து வயதிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரான உரும்பிராயில் கெட்டவர்கள் சாவதேயில்லை. செத்த அத்தனை பேரும் வள்ளல்கள், குணக்குன்றுகள், அதிர்ந்து பேசாதவர்கள். அப்படியானால் மிச்சப் பேர் எல்லாம் உயிரோடுதான் இருக்கவேண்டும். ஒழுங்கையில் தனியாக நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

எனக்குப் பதினொரு வயதானபோது பெரியப்பா செத்துப்போனார்.

அவர் அப்பாவின் மூத்த அண்ணர். ஒரே வளவுக்குள் முன்வீடு அவருடையது, பின்வீடு எங்களுடையது. பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்கள் அவரை விட்டுப் போன பிறகு எங்களை ஓட்டத் தொடங்கினார். ஆறு மணிக்குத் தேத்தண்ணி, ஆறேகாலுக்கு முற்றம் கூட்டவேண்டும், ஏழு பத்துக்கு நான் வாசற் படலையைத் தாண்டியிருக்கவேண்டும். பிந்தினால் அவர் போடும் சத்தம் சந்திக் கடை வரை கேட்கும். பேப்பரில் பிழை கண்டால் பேப்பருக்கும் அதே சத்தம்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிற ஏச்சுப் பேச்சு முழுவதும் எனக்கு ஒருத்திக்கே கிடைத்தது. எனக்கு அவரைச் சரியான விருப்பம். அது அவர் போன பிறகுதான் எனக்கே தெரியும்.

ஒரு காலை பேப்பரைப் பாதி வாசித்தவர் அதை நாலாக மடித்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வளவில் நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சோறு இரண்டு மணிக்கும் வந்தது, நாலு மணிக்கும் வந்தது.

கல்வெட்டு வேலையைக் கொக்குவில் மாமா பொறுப்பெடுத்தார். பெரியம்மாவின் தம்பி, கந்தோர் உத்தியோகத்தர், எந்தக் காரியத்தையும் கோப்புப் போட்டுத்தான் செய்வார். வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதினார். புலம்பல் பாட்டுக்கு ஊரில் வழக்கமாக எழுதும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பிடித்தார். அவரைப் பாட்டு மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் மனைவி புலம்பல் ஒன்றுதான் தேவைப்பட்டது. அதை இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் அச்சகத்திலிருந்து புரூவ் வந்தது. அச்சடிக்கும் முன்னர் பிழை பார்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தாள்கள். மாமா வாழ்க்கை வரலாற்றைப் பார்த்தார். அது அவருடையது, அதில் பிழை இருக்க வழியில்லை. மிச்சத்தை என்னிடம் தள்ளிவிட்டார். எல்லோரும் அழுது களைத்திருந்தார்கள், எழுத்தைப் பார்த்தால் விடாமல் வாசிக்கிற நோய் எனக்குத்தான் இருந்தது.

முதலில் வரலாற்றை வாசித்தேன். 'அன்னார் அமைதியின் உறைவிடம், அதிர்ந்து பேசாதவர்' என்று இருந்தது. ஒருமுறை அட்டைத் தாளைத் திருப்பி யாருடைய கல்வெட்டு என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மனைவி புலம்பலுக்கு வந்தேன்.

'பொன்னான என்துணையே, புத்தூரின் மணிவிளக்கே' என்று அது தொடங்கியது. கொஞ்சம் கீழே 'ஏர்பிடித்த கையெங்கே' என்று பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஏர் பிடித்ததில்லை. அவர் பிடித்ததெல்லாம் மணிக்கூடும் ஒரு சிவப்புப் பென்சிலும். புத்தூருக்கு அவர் வாழ்நாளில் நாலைந்து முறை கலியாணவீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் எனக்கு அந்தப் பாட்டு எங்கேயோ பழக்கமாக இருந்தது. அலுமாரிக்குக் கீழே கதிரையைப் போட்டு ஏறினேன். பத்து நிமிடத்தில் அகப்பட்டுவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் செத்த ஒரு புத்தூர்க் கமக்காரரின் கல்வெட்டு. அதே மனைவி புலம்பல், அதே மணிவிளக்கு, அதே ஏர்.

இரண்டையும் கொண்டுபோய் மாமாவின் முன்னால் வைத்தேன். அவர் முதலில் என்னைத்தான் பேசினார். பிறகு வாசித்தார். பிறகு பாட்டு மாஸ்டருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் அவர் சத்தமாகவே கதைத்ததால் எங்களுக்கும் கேட்டது.

"உரும்பிராய் எண்டால் அந்த இடத்திலை சந்தம் இடறுது. புத்தூர் எண்டால் அளவாய் இருக்கும். அதுதான் விட்டனான்."

"மாஸ்டர், அத்தான் புத்தூர் இல்லையே!"

"பாட்டைப் பாரும் ஐயா, ஊரைப் பார்க்காதையும்" என்று அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். வேறு பாட்டு எழுதித் தரமாட்டார் என்பது தெளிவாகிவிட்டது.

மாமா புத்தூரை வெட்டிவிட்டு அந்தப் பாட்டையே போடலாம் என்றார். அப்போது உள் அறையிலிருந்து பெரியம்மா வந்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் அதிகம் கதைத்ததில்லை. கண்ணாடியைப் போட்டு இரண்டு புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு உந்தப் பாட்டு வேண்டாம் தம்பி. அது அந்தப் புத்தூர் மனிசியின்ரை அழுகை. அதை நான் ஏன் வாங்கி அழவேணும்?"

"அப்ப நீங்கள் ஏதும் சொல்லுங்கோ அக்கா, நான் எழுதுறன்."

"நான் என்னத்தைச் சொல்ல" என்று அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

இருபத்திரண்டாம் பக்கம் வெறுமையாகிவிட்டது. பக்கத்தை எடுத்துவிடவும் முடியாது. இருபத்துநாலு பக்கம், பெரிய தாளில் அடித்து மடிப்பது, ஒன்றைக் குறைத்தால் கணக்கு உதைக்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். கல்வெட்டில் வெறும் பக்கம் விடுவது கூடாத சகுனம் என்று மாமா சொன்னார். கடைசியில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு நிரப்புவது என்று முடிவாயிற்று.

எனக்கு அது பொறுக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டை நினைத்தேன். நாளை மறுநாள் பெரியப்பாவும் அங்கேதான் போகப்போகிறார். எழுபது குணக்குன்றுகளோடு எழுபத்தோராவது குணக்குன்று. பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளை கதிரை போட்டு ஏறி எடுத்தால், அதிர்ந்து பேசாத ஒரு மனிதரும் ஒரு குத்துவிளக்கும்தான் அதற்குள் இருக்கும். என்னுடைய பெரியப்பா எங்கேயும் இருக்கமாட்டார். அன்று பின்னேரம் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எனக்குப் பாட்டு வராது, ஆகையால் சும்மா எழுதினேன். அந்தத் தாள் இன்னமும் எனக்கு மனப்பாடம்.

'என் பெரியப்பா பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தார். அவர் எல்லோரையும் பேசுவார். என்னை அதிகம் பேசுவார். நான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தினால் "பஸ் போயிட்டுது, இனி நட" என்பார். பிறகு அவரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்.

பெரியப்பாவுக்கும் பக்கத்து வளவு ஐயாவுக்கும் வேலிக்காகக் கோபம். பதினொரு வருடம் கதைக்கவில்லை. ஒரு நாள் அந்த ஐயாவின் மாடு பங்குக் கிணற்றில் விழுந்துவிட்டது. பெரியப்பா கயிற்றில் இறங்கி மாட்டைக் கட்டி மேலே அனுப்பினார். பிறகு தானும் ஏறிவந்து, கால் கழுவிவிட்டு, மறுபடியும் கோபமாக இருந்தார்.

பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம். இனிப்பு எதுவும் கூடாது என்று டொக்டர் சொன்னார். பனங்கட்டி இனிப்பில் சேராது என்று பெரியப்பா சொன்னார். பழுதான டோர்ச் லைற்றுக்குள் பற்றரி வைக்கும் இடத்தில் பனங்கட்டித் துண்டுகளை ஒளித்து வைத்திருந்தார். அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஐந்து துண்டு வைத்தால் அடுத்த நாள் மூன்றுதான் இருக்கும். எறும்பு கொண்டுபோகிறது என்று சொல்லி எறும்பையும் பேசுவார்.

பெரியப்பா அமைதியானவர் அல்ல. இப்போது அவர் சத்தம் போடாததால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நேரம் தெரிவதில்லை.'

கீழே 'பெறாமகள்' என்று போட்டு என் பெயரை எழுதினேன். தம்பியின் பிள்ளையைப் பெரியப்பாமார் அப்படித்தான் சொல்வார்கள், கல்வெட்டுகளில் படித்திருந்தேன்.

எழுதியதை யாருக்காவது காட்டாமல் இருக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அம்மாவிடம் காட்டினால் அடி விழும். பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் திருத்திய புரூவ் தாள்கள் கிடந்தன. கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்தார். திரும்ப மேலே போய் இன்னொருமுறை வாசித்தார்.

"வைச்சிட்டுப் போ பிள்ளை" என்றார்.

வைத்துவிட்டுப் போனேன். சற்று நேரத்தில் அச்சகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து என்வலப்பை வாங்கிக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் காலை. முற்றத்தில் பந்தல், பின்வளவில் சமையல் கிடாரங்கள். புத்தகக் கட்டுகள் மண்ணிறத் தாள் சுற்றி வந்து இறங்கின. மாமா ஒரு கட்டைப் பிரித்து, மேலே இருந்ததை எடுத்துப் பெருமையாகத் தட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டாம் பக்கத்தில் கை நின்றது.

"ஆர் இதைக் குடுத்தது?"

நான் எட்டிப் பார்த்தேன். குத்துவிளக்கு இல்லை. என் தாள் இருந்தது. கோணல்மாணலான என் எழுத்து நேரான கறுத்த அச்செழுத்தாக மாறி, கரை கட்டி, பூப்போட்டு, அடியில் என் பெயரோடு இருந்தது. அந்த ஒரு நொடி எனக்கு இருந்த சந்தோசத்தை இன்றுவரை எந்தப் புத்தகமும் தரவில்லை. அடுத்த நொடியே நடந்தது விளங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த புரூவ் தாள்களோடு என் தாளும் கலந்து என்வலப்புக்குள் போயிருக்கிறது. நான் அதைக் கட்டிலில் வைத்திருக்கக் கூடாது. என் பிழைதான்.

மாமா அச்சகத்துக்குப் போன் எடுத்தார். "என்வலப்புக்குள்ளை கிடந்ததைத்தானே அண்ணை அடிச்சனாங்கள்" என்று அவர்கள் சொன்னார்கள்.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திப்போட்டாள்" என்று மாமா என்னைப் பார்த்துக் கத்தினார். "வேலிச் சண்டை, சீனி வருத்தம், எல்லாம் ஊருக்கு அச்சடிச்சுக் குடுத்தாச்சு. அந்தாளும் இண்டைக்கு வரப்போகுது!" அந்தாள் என்றது பக்கத்து வளவு ஐயாவை. பிறகு மாமா ஒரு முடிவெடுத்தார். அந்தத் தாளை மட்டும் எல்லாப் புத்தகத்திலும் கிழித்துவிடுவது.

ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, பக்கத்தைக் கம்பியோடு பிடித்து இழுத்தார். என் பக்கம் வந்தது. கூடவே முன்பக்கத்திலிருந்து இன்னொரு தாளும் கழன்று நிலத்தில் விழுந்தது. பெரியப்பாவின் படம். நடுவில் மடித்துக் கம்பி அடித்த புத்தகம். மூன்றாம் பக்கமும் இருபத்திரண்டாம் பக்கமும் ஒரே தாள். ஒன்றைக் கிழித்தால் மற்றதும் போகும். படத்திலிருந்து பெரியப்பா, பிந்திவந்த பஸ்ஸைப் பார்ப்பது போல மாமாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பெரியம்மா குனிந்து அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"விடு தம்பி. அவரைக் கிழிக்காதை."

"சனம் சிரிக்கும் அக்கா!"

"சிரிக்கட்டும். முப்பது நாளாய் இந்த வீட்டிலை ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அக்கா சொன்னால் அதற்கு மேல் மாமாவிடம் கோப்பு இல்லை. புத்தகங்கள் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கப்பட்டன. நான் போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளியும்போதும் ஒரு புத்தகம் கையில் இருந்தது. பயத்தை விட ஆசை கொஞ்சம் பெரிது.

அங்கே இருந்து வாசித்தபோதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நேரம் தெரிவதில்லை என்று நான் முடித்த இடத்துக்குக் கீழே, என் பெயருக்கு மேலே, இன்னொரு வரி இருந்தது.

'அந்த எறும்பு நான்தான்.'

நான் அப்படி எழுதவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னைப் பனங்கட்டிக் கள்ளி ஆக்கிவிட்டார்கள்! பெரியப்பா தரும் அரைத்துண்டைத் தவிர நான் அந்த டோர்ச்சைத் தொட்டதே இல்லை. அச்சகத்தில் யாரோ குறும்பர் இடம் மிஞ்சுகிறது என்று சேர்த்துவிட்டார். மானம் கப்பலேறியதை விட எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் பட்டது.

பந்தலில் சாப்பாடு முடிந்து புத்தகம் கொடுக்கத் தொடங்கியிருக்கவேண்டும். முதலில் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் நாலைந்து பேர். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நூறு பேர் இருக்கிற பந்தலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சரி, இனி அடிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தார்.

"வெளியிலை வா. உன்னைக் கேக்கினம்."

போனேன். ஒருவரும் புத்தகத்தைச் சுருட்டவில்லை. கதிரைகளில், பாயில், வாழையடியில் நின்றபடி, எல்லோரும் விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரங்கள் கீழே கிடந்தன. எழுத்துத் தெரியாத ஒரு ஆச்சிக்கு அவர் மகள் வாசித்துக் காட்டினாள். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவரேதான்! அப்பிடியேதான்! என்னையும் ஒருநாள் பஸ்ஸாலை இறக்கி விட்டவர்" என்றார் யாரோ. உடனே ஆளுக்கொரு பெரியப்பா கதை கிளம்பிவிட்டது. முப்பது நாளாகச் செத்துக் கிடந்த மனிதர் அந்தப் பந்தலில் எழும்பி எல்லோரையும் பேசத் தொடங்கினார். என் ஒரு பக்கம் அதைச் செய்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பக்கத்து வளவு ஐயா எழுந்து என்னிடம் வந்தார். செத்தவீட்டன்று படலைக்கு வெளியே நின்றவர், இன்றைக்குத்தான் உள்ளே வந்திருந்தார். மாமா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீயே இதை எழுதினது?"

"ஓம் ஐயா."

"அது மாடில்லை. கண்டு. நாம்பன் கண்டு."

பெரிய மாடு அல்ல, ஆண் கன்று என்று அவர் திருத்தியதும் நான் தலையைக் குனிந்தேன். அவர் போகவில்லை.

"இறங்கேக்கை என்னைப் பார்த்து 'கயித்தை இறுக்கிப் பிடியும்' எண்டவர். பதினொரு வரியத்திலை அது ஒண்டுதான் கதைச்சது. அதையும் சேர்த்து எழுது." சொல்லிவிட்டு அவர் பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, லண்டனில் இருக்கும் மகளுக்கு அனுப்பவேண்டும், இன்னொரு புத்தகம் தாரும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாட்டு மாஸ்டரும் வந்திருந்தார். கோபம் வேறு, சாப்பாடு வேறு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் பக்கத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்து முடித்தார். "யாப்பு மருந்துக்கும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடி, "ஊர் சரியாய் இருக்கு" என்றார். என் எழுத்துக்கு வந்த பாராட்டுகளில் நான் மிகவும் கஷ்டப்பட்டு வாங்கியது அதுதான்.

ஆனால் எறும்புதான் என்னை விடவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளி, "எறும்பு, பனங்கட்டி இருக்கோ?" என்று கேட்டார்கள். நான் எழுதவில்லை, நான் எடுக்கவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது பெரியம்மா. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். அவர் மறுபடியும் சிரித்துவிட்டார் என்ற ஒன்றுக்காகக் கள்ளிப் பட்டத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

அந்தக் கல்வெட்டை ஊரில் ஒருவரும் தூக்கிப் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து மேற்கு ஒழுங்கையில் ஒருவர் செத்தபோது அவருடைய மகன் எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்கடை ஐயாவுக்கும் ஒரு பக்கம் எழுதித் தாறியோ?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் கொப்பியும் பென்சிலுமாகச் செத்தவீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். குணக்குன்று என்று தொடங்குபவர்களிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அவர் உங்களுக்கு எப்போது கோபம் வரப்பண்ணினார்? அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தாமல் சொல்வார்கள், நான் எழுதுவேன். நான் கதை எழுதப் பழகியது அந்த வீடுகளில்தான். இன்றைக்கும் எழுத வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள ஒரே மருந்து அந்தக் கேள்விதான்.

இதையெல்லாம் அன்று கொக்குவில் மண்டபத்தில் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். பின்வரிசைப் பிள்ளையின் கை மறுபடியும் மேலே நின்றது.

"மிஸ், டோர்ச் லைற் மூடி திருகித்தானே பூட்டுறது? அதுக்குள்ளை எறும்பு எப்பிடிப் போகும்?"

எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. இத்தனை வருடம் இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எழுத்தாளர் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். "நீ எழுது. கட்டாயம் எழுது" என்று சொன்னேன். அன்று நான் சொன்னதில் உருப்படியான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து நேரே உரும்பிராய்க்குப் போனேன். பெரியம்மா முன்வீட்டில்தான் இருக்கிறார், இப்போது கண்ணாடி இன்னும் தடிப்பு. எனக்குத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டுப் பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்தார். நான் கடிக்காமல் கேட்டேன்.

"பெரியம்மா, அந்த எறும்பு நீங்களோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பின்னை? எறும்பு மூடி திருகுமே?"

"என்ரை தாளை என்வலப்புக்குள்ளை வைச்சதும்?"

"தாளுக்குக் காலே இருக்கு, தானாய் நடந்து போக?"

"பெரியப்பாவுக்குத் தெரியாதோ, நீங்கள் எடுக்கிறது?"

"மூண்டு நிமிஷம் பிந்தின பஸ்ஸைப் பிடிக்கிற மனிசனுக்கு இது தெரியாதே? முதலிலை அஞ்சு வைச்சவர். நான் ரெண்டு எடுக்கிறன் எண்டு கண்டிட்டு, பேந்து ஏழு வைச்சார்." அவர் சிரித்தார், அன்றைக்குப் பந்தலில் சிரித்த மாதிரியே. "ஒரு சொல் கேட்கேல்லை. நானும் சொல்லேல்லை."

மனைவி புலம்பல் இல்லாமல் வந்த ஒரே கல்வெட்டு என்று பெரியப்பாவின் புத்தகத்தை ஊர் இன்றும் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அங்கே இருந்தது, இருபத்திரண்டாம் பக்கத்தின் அடியில், மூன்று சொல்லில். வேறு ஒருத்தியின் அழுகையை வாங்கி அழமாட்டேன் என்ற பெண் தன்னுடையதை அங்கே வைத்திருக்கிறார். என் முதல் எழுத்தின் மிக நல்ல வரி என்னுடையது அல்ல.

வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று சொல்லுக்கும் குறுக்கே, அச்சகத்தாரின் பிழையைத் திருத்துவதாக நினைத்து, பதினொரு வயதில் நான் பெரியப்பாவின் சிவப்புப் பென்சிலால் கீறிய கோடு அப்படியே இருக்கிறது.